4 மீட்டர் சிகரம்



கடல் பக்கமாக ஒரு குன்று, கொஞ்சம் கரடுமுரடாக, ஒரே நாளில் போய்த் திரும்பும்படி வேண்டும் என்று தஞ்சாவூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடத்திலிருந்து கேட்டீர்கள் போங்கள்! பெரிய கோயிலுக்கே கருங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்த சீமை இது. முருகனுக்கு மலை வேண்டுமே என்று சுவாமிமலையில் கட்டுமலை எழுப்பி, தமிழ் ஆண்டுக்கு ஒன்றாக 60 படி வைத்தவர்கள் நம்மவர்கள்.

இருந்தாலும் ஒன்று உண்டு. கோடியக்கரைக் காட்டுக்குள் இருக்கும் இராமர் பாதம். வெறும் மணல்மேடுதான்; கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4 மீட்டர். சிரிக்காதீர்கள், கோடியக்கரை முனையில் அதைவிட உயரமான தரை கிடையாது. தஞ்சாவூர் அதைவிடப் பல மடங்கு மேட்டில் இருப்பதால், இந்தச் சிகரத்துக்கு நீங்கள் இறங்கித்தான் போகவேண்டும்: மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்.

ஏற்றம் ஏமாற்றினாலும் நடை ஏமாற்றாது. மணலில் கால் புதையும். பாலை மரங்களுக்கு நடுவே காரையும் சங்கஞ்செடியும் முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். வேட்டியோடு போனால் கிழித்துக்கொண்டுதான் திரும்புவீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்தக் காடும் அடிவாங்கியது. வெட்டவெளி வந்தால் வெளிமானைப் பாருங்கள். 1967-இல் இந்தக் காடு சரணாலயமானதே அதைக் காக்கத்தான். முறுக்கிய கொம்பை நிமிர்த்தி, நம்மை ஒரு கணம் அளந்துவிட்டுத்தான் துள்ளும்.

மேட்டின்மேல் மண்டபம், உள்ளே கல்லில் இரண்டு பாதங்கள். இராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஊர் நம்பிக்கை. நமக்குத் தெரிவது சதுப்பு. மழைக்குப் பின் நீர் பரந்து கிடக்கும். வெயில் ஏறினால் உப்புப் பூத்து வெளுக்கும். தொலைவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு நின்றால் கானல் என்று விட்டுவிடாதீர்கள், பூநாரைகளாக இருக்கலாம். கண்ணை மறைக்க எதிரே எதுவும் எழும்பாததால் இந்தச் சின்ன மேடே அவ்வளவையும் காட்டிவிடுகிறது. கொடைக்கானல் வரை போய் மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அலை பார்க்க முனைக்குப் போங்கள். வடக்கிலிருந்து வங்கக் கடலோரமாக வரும் கரை அங்கேதான் மேற்கே மடங்கிப் பாக் நீரிணைப் பக்கம் திரும்புகிறது. 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்துவிட்டு அதில் வரும் கலங்கரை விளக்கத்தைத் தேடி வருபவர்கள் உண்டு. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய விளக்கம் 2004 சுனாமியில் போய்விட்டது.

பறவைகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டு விடியலிலேயே நடந்துவிடுங்கள். தின்பண்டத்தைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். உயரம்தான் வேண்டும் என்றால் பச்சைமலை இருக்கிறது, கொல்லிமலை இருக்கிறது. அங்கே கடல் தெரியாது.