பாட்டுக்குக் கீழே ஓடிய எழுத்து

அகமதாபாத் குஜராத் மாநிலத்தின் பெரிய நகரம். ஒரு காலத்தில் அங்கே துணி ஆலைகள் ஏராளமாக இருந்தன. 1980களில் பல ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு சந்து. அங்கே ஒரு வீடு. வீட்டில் கணவன், மனைவி, மாமியார் என்று மூன்று பேர். டிவியோ ஒன்றுதான். மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆசை.

மாமியாருக்குப் புராணக் கதை பிடிக்கும். 1987இல் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். அப்போது இந்த வீட்டில் டிவி கிடையாது. மாமியார் குளித்து முடித்துப் பக்கத்து வீட்டுக்குப் போவார். டிவி பெட்டிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார். பிறகுதான் உட்காருவார். நாட்டில் பல ஊர்களிலும் மக்கள் அப்படித்தான் செய்தார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது.

கணவருக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். அதிலும் 'ஷோலே' என்ற இந்திப் படம். அது 1975 ஆகஸ்ட் 15இல் வெளிவந்தது. பம்பாயில் மினர்வா தியேட்டரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அந்தப் படத்தின் வசனத்தை இசைத்தட்டாகவே போட்டு விற்றார்கள். கணவர் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. கொள்ளைக்காரன் கப்பர் சிங் பேசுவதை அதே குரலில் பேசிக் காட்டுவார். சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் போதும், வீட்டில் கப்பர் சிங் வந்துவிடுவார்!

மனைவிக்குப் பிடித்தது சினிமாப் பாட்டு. அவர் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுகிறார். கை உருட்டும், வாய் பாடும். அக்கம் பக்கத்தில் அவரை 'பென்' என்று கூப்பிடுவார்கள். குஜராத்தியில் பென் என்றால் சகோதரி. நாமும் பென் என்றே சொல்வோம்.

பென் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்தறிவு இயக்கம் வந்தபோது மாலை வகுப்பில் சேர்ந்தார். மூன்று பாடப் புத்தகங்களையும் படித்து முடித்தார். அதோடு வகுப்பு நின்றது. வீட்டில் படிக்க வேறு புத்தகம் இல்லை. ஆறு மாதம் போனது. எழுத்துகள் மெல்ல மங்கத் தொடங்கின.

ஒரு நாள் ஊதுபத்தி ஏஜெண்ட் கணக்குச் சீட்டு கொடுத்தார். எண்களைப் பென் படித்துவிட்டார். கடைசி வரியில் எண்ணுக்கு முன்னால் ஒரு சொல் இருந்தது. அது புரியவில்லை. யாரிடமும் கேட்க வெட்கம். சீட்டை மடித்து அரிசி டப்பாவில் போட்டுவிட்டார். கூலி குறைவாகத்தான் வந்தது.

இப்படி உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

1999ஆம் ஆண்டு அகமதாபாத் தூர்தர்ஷனில் ஒரு புதுமை நடந்தது. 'சித்ரகீத்' என்று ஒரு நிகழ்ச்சி. குஜராத்தி சினிமாப் பாட்டு போடுவார்கள். நம் ஊரில் 'ஒலியும் ஒளியும்' வந்ததே, அது போல. திரையில் பாட்டு ஓடும்போது கீழே பாட்டின் வரிகளும் ஓடின. பாடுவதும் குஜராத்தி, எழுத்தும் குஜராத்தி. எந்தச் சொல்லைப் பாடுகிறார்களோ, அந்தச் சொல்லின் நிறம் மாறும்.

இதை யோசித்தவர் பிரிஜ் கோத்தாரி. அவர் அமெரிக்காவில் படித்தபோது ஸ்பானிஷ் மொழி கற்றுக்கொண்டிருந்தார். 1996இல் நண்பர்களோடு ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்தார். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. ஸ்பானிஷ் எழுத்தே ஓடினால் மொழி நன்றாகப் பிடிபடுமே என்று நினைத்தார். அப்போதுதான் இந்தியாவின் சினிமாப் பாட்டு அவர் நினைவுக்கு வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் பாட்டு மனப்பாடம் ஆயிற்றே!

பென்னுக்கு முதல் வாரம் தலை சுற்றியது. எழுத்து வேகமாக ஓடியது. ஒரு வரிக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது. ஆனால் அடுத்த சொல் என்ன என்று வாய்க்குத் தெரியும். வாய் முன்னே போனது. கண் பின்னாலேயே போய் எழுத்தைப் பிடித்தது. எழுத்தே தெரியாதவருக்கு இது போதாதுதான். முதலில் ஒருவர் எழுத்தைச் சொல்லித்தர வேண்டும். பாதி மறந்த பென்னுக்கு இது நல்ல பயிற்சியாக இருந்தது. வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம், காசும் வேண்டாம்.

ஒரு வாரம் பழைய பாட்டு ஒன்று வந்தது. பென் திடீரென்று பாடுவதை நிறுத்தினார்.

"இத்தனை வருஷமா 'சாஜ்'னு தப்பாப் பாடியிருக்கேன். அது 'சாஞ்ஜ்'!" என்றார்.

சாஜ் என்றால் அலங்காரம். சாஞ்ஜ் என்றால் அந்தி நேரம். குஜராத்தியில் இரண்டுக்கும் வித்தியாசம் எழுத்தின் மேல் வைக்கும் ஒரு புள்ளிதான்.

"சாஜ்தான் சரி. நான் சின்ன வயசிலேருந்து கேட்கிறேன்" என்றார் கணவர்.

"கேட்டீங்க. நான் படிச்சேன்" என்றார் பென்.

மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடுத்த தடவை அந்தப் பாட்டு வரட்டும். அப்போ தெரியும்" என்றார்.

அந்தப் பாட்டு மறுபடி வர இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று பேரும் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சொல் வந்தது, நிறம் மாறியது. மேலே புள்ளி இருந்தது. கணவர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஷோலேக்கும் இப்படி எழுத்துப் போடுவாங்களா?" என்று கேட்டார்.

அன்று இரவு பென் அரிசி டப்பாவில் இருந்த சீட்டை எடுத்தார். கடைசிச் சொல்லை எழுத்துக் கூட்டினார். க-பா-த். 'கபாத்' என்றால் பிடித்தம்.

மறுநாள் ஏஜெண்ட் வந்தார்.

"பிடித்தம் எதுக்குங்க?" என்று பென் கேட்டார்.

"பத்தி ஈரமா இருந்தது" என்றார் அவர்.

"நல்ல வெயில்ல காய வெச்சுத்தானே கொடுத்தேன். எந்தக் கட்டு ஈரம்? காட்டுங்க."

ஏஜெண்ட் முணுமுணுத்தார். அந்த வாரச் சீட்டிலும் 'கபாத்' இருந்தது. ஆனால் தொகை பாதியாகக் குறைந்திருந்தது. பென் அந்தச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

2002இல் 'சித்ரஹார்' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியிலும் எழுத்து ஓடத் தொடங்கியது. அதை நாடு முழுவதும் பார்த்தார்கள். இந்தி எழுத்துக்கு மேல் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் பல எழுத்துகள் குஜராத்தி எழுத்து போலவே இருக்கும். பென் இப்போது கோட்டை விட்டுவிட்டு இந்தியும் படித்துப் பார்த்தார்.

செய்து பாருங்கள்: உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரிகளை எழுதுங்கள். பாட்டுப் புத்தகம் கிடைத்தால் ஒத்துப் பாருங்கள். எந்தச் சொல் மாறியிருக்கிறது? வீட்டில் உள்ளவர்களிடமும் பாடச் சொல்லிக் கேளுங்கள்.