சூப்பர் மாரியோ ஒடிசி: மருமகளுக்குச் சுகம், மாமாவுக்குக் கஷ்டம்

இந்தமுறை எபிசோடில் கேம் டிசைன் பற்றிக் கதைக்கேக்க ஒரு விஷயத்தைப் பாதியில விட்டிட்டன். மிச்சம் இங்கே.

அக்காவின் மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் சூப்பர் மாரியோ ஒடிசி விளையாடுவம். 2017இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த கேம். அவள் கதையை முடிச்சு, கடைசியில் ஓடுற பெயர்களையும் பார்த்திட்டாள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்ச நான், அதே கேமின் கடைசிக் கட்டத்தில் மூன்று மாதமாக நிக்கிறன். இது எப்படி நடக்குது?

முதல் காரணம், கதவு எப்படித் திறக்குது என்பது. ஒவ்வொரு ராஜ்ஜியத்திலும் பவர் மூன் என்ற நிலவுகளைத் தேடிச் சேர்த்தால்தான் கப்பல் அடுத்த இடத்துக்குப் போகும். கேஸ்கேட் கிங்டமில் 40 நிலவுகள் இருக்கு, தேவை வெறும் 5. சேண்ட் கிங்டமில் 89 இருக்கு, தேவை 16. கதைக்கு அவசியமான சில சண்டைகளை விட்டால், எந்த நிலவு என்று கேம் கேட்பதில்லை. எத்தனை என்றுதான் பார்க்குது. புரோகிராமர் பாஷையில் சொன்னால், நிபந்தனை ஒரு எண்ணிக்கையில் மட்டும் தொங்குது. அதனால் ஏழு வயதுப் பிள்ளை தனக்குச் சரிவராத நிலவை விட்டிட்டு அடுத்ததைத் தேடலாம். எங்கேயும் சிக்கிக்கொள்ள மாட்டாள்.

இரண்டாவது, தோற்றால் என்ன விலை என்பது. இதைத்தான் நாங்கள் வேலையிலும் அடிக்கடி மறக்கிறம். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மூன்று உயிரோடு தொடங்குவீர்கள். எல்லாம் போனால் திரும்ப முதலில இருந்து. ஒடிசியில் உயிர்க் கணக்கே இல்லை. செத்தால் 10 காசு போகும், பக்கத்திலேயே எழும்பிடலாம். அசிஸ்ட் மோடைப் போட்டால் போகவேண்டிய வழியை அம்புக்குறி காட்டும், மூன்று இதயத்துக்குப் பதில் ஆறு கிடைக்கும், பள்ளத்தில் விழுந்தால் ஒரு குமிழி தூக்கிக்கொண்டுவந்து விடும். (நான் போன வருஷம் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்த படிவத்தில் ஒரு பெட்டி பிழைச்சால் முழுப் பக்கமும் அழிஞ்சுபோகும். யாரும் அதைக் கேம் என்று சொல்லேல்லை.)

மூன்றாவதுதான் எனக்குப் பிடிச்சது. மருமகளுக்கு மாரியோ என்றால் ஓடுறது, குதிக்கிறது, தொப்பி எறியிறது. அவ்வளவும் போதும். ஆனால் அதே பட்டன்களை வேறு ஒழுங்கில் கோர்க்கலாம்: குதிச்சு, காற்றில் தொப்பியை எறிஞ்சு, அதை நோக்கிப் பாய்ஞ்சு, அதில் பட்டு மறுபடி எழும்பி, மறுபடி எறிஞ்சு, மறுபடி பாய்றது. போக முடியாது என்று நினைச்ச கூரைக்கு இப்படிப் போய்ச் சேரலாம். கேம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் அங்கே போனால் பெரும்பாலும் ஒரு குவியல் காசு காத்திருக்கும். செய்தவருக்கு "நீ வருவாய் என்று எனக்குத் தெரியும்" என்று யாரோ சொன்ன மாதிரி இருக்கும். உங்களிட்ட கேம் இருந்தால் இன்றைக்கே ஒரு கூரையில முயற்சி செய்து பாருங்கோ.

இனி என்னுடைய மூன்று மாதம். 500 நிலவு சேர்த்தால் டார்க்கர் சைட் ஆஃப் த மூன் திறக்கும். அதில இருக்கிற தடைகளைத் தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் பயங்கரமில்லை. ஆனால் நடுவில் ஒரு செக்பாயிண்ட்கூட இல்லை. கடைசிப் படியில் விழுந்தாலும் தொடக்கத்துக்கே போகவேணும். அங்கே புதுசாக எதையும் கடினமாக்கத் தேவைப்படேல்லை. தோல்வியின் விலையைத்தான் மற்றப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். எழுதேக்கதான் எனக்கே இது விளங்குது.

ஒரு பிழையும் ஒத்துக்கொள்ளவேணும். தொடக்கத்தில் அவள் விழுந்தால் "இங்க தா" என்று கன்ட்ரோலரை வாங்கி நானே செய்து குடுத்தன். இரண்டு ஞாயிறு அவள் விளையாடவே வரேல்லை. "அதை நீங்கள்தானே விளையாடுறீங்கள்" என்றாள். பிறகுதான் இருவர் விளையாடும் முறையைப் பார்த்தன்: ஒருவர் மாரியோ, மற்றவர் கேப்பி என்ற அந்தத் தொப்பி. அவளிடம் மாரியோவைக் குடுத்திட்டு நான் தொப்பியானேன். தொப்பி எதிரியை அடிக்கலாம், காசு பொறுக்கலாம். எங்கே போறது என்று முடிவெடுக்கிறது அவள்.

போன கிழமை நான் பதினோராவது தடவை விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அசிஸ்ட் மோடைப் போடுங்கோவன்."

"வேண்டாம்."

"ஏன், வெட்கமோ?"

பதில் சொல்லாமல் திரும்பத் தொடங்கினன். இந்தமுறை வழமையைவிட வேகமாக விழுந்தன்.