இரண்டு ஐந்தை வென்ற கணக்கு

கட்டுகஸ்தோட்டை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பீனொட்சைட்டு அயனுக்கு ஐந்து பரிவுக் கட்டமைப்புகள் வரையலாம், அசற்றேற்று அயனுக்கு முக்கியமானவை இரண்டுதான். அப்படியிருக்க அசற்றிக்கமிலம் பீனோலைவிட ஓர் இலட்சம் மடங்குக்கு மேல் வலிய அமிலமாக இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாய். உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளை இந்த இடத்தில் தடக்கி நிற்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பலர் நிற்காமலே கடந்துபோய்விடுகிறார்கள்.

கட்டமைப்புகள் கூடினால் உறுதி கூடும் என்று உன் டியூஷன் டியூட்டில் இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் எண்ணத் தொடங்குமுன் ஏற்றம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தையும் வரைந்து பார். இரண்டில் மட்டுமே மறை ஏற்றம் ஒட்சிசனில் இருக்கிறது. மற்ற மூன்றிலும் அது வளையத்துக் காபனுக்குப் போய்விடுகிறது. வளையத்தின் அரோமற்றிக்குத் தன்மையும் குலைகிறது. கடனுக்குப் பிணை நின்ற ஐந்து பேரில் மூவருக்கு வருமானம் சொற்பம் என்பது போல. அசற்றேற்றில் இரண்டு பேர்தான், ஆனால் இருவரும் ஒட்சிசன், இருவரும் சரிசமம். அங்கே காபன்–ஒட்சிசன் பிணைப்புகள் இரண்டும் ஒரே நீளமாக இருப்பது அதனால்தான்.

அதற்காக அந்த மூன்றையும் தள்ளிவிடாதே. எதனோலோடு ஒப்பிட்டால் பீனோல் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு வலிய அமிலம். எதொட்சைட்டில் மறை ஏற்றத்துக்குப் போக்கிடமே இல்லை.

இன்னொன்று. மூலக்கூறு ஒரு கட்டமைப்பிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொண்டிருப்பதில்லை. உள்ளது ஒரே பரிவுக் கலப்பு. இது அதைவிட உறுதியானது என்று நீ எழுதும்போது, அந்தக் கலப்பில் எதன் பங்கு அதிகம் என்றுதான் சொல்கிறாய்.

மின்னெதிர்த்தன்மையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடாதே. மெதொட்சிமெதைல் கற்றயனை எடுத்துக்கொள். நேர் ஏற்றத்தைக் காபனில் வைத்தால் அந்தக் காபனுக்கு ஆறு இலத்திரன்கள்தான். ஒட்சிசனில் வைத்து இரட்டைப் பிணைப்புப் போட்டால் எல்லாருக்கும் எட்டு நிறைகிறது. ஒட்சிசன் நேர் ஏற்றத்தை விரும்பாதுதான். என்றாலும் இரண்டாவதே உறுதி கூடியது. முதலில் எட்டு நிறைகிறதா என்று பார், பிறகு ஏற்றங்கள் எவ்வளவு பிரிந்து நிற்கின்றன என்று பார், அதற்குப் பிறகுதான் எந்த ஏற்றம் எந்த அணுவில் என்ற கேள்வி.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதே. ஒருநாள் ஹந்தானையிலுள்ள தேயிலை அரும்பொருளகத்துக்குப் போய்ப் பழைய உருட்டு இயந்திரங்களைப் பார். கொழுந்து கசங்கிக் கலங்கள் உடையும்போது அதிலுள்ள கற்றெச்சின்கள் என்ற சேர்வைகள் நொதியத்தோடும் வளியின் ஒட்சிசனோடும் சேருகின்றன. கற்றெச்சின்களில் இருப்பவை பீனோல் கூட்டங்கள். அவை எளிதில் ஒட்சியேறுவதற்கு, இலத்திரன் வளையம் முழுவதும் பரவ இடமிருப்பதும் ஒரு காரணம். தியாபிளேவின் உண்டாகிச் செம்மஞ்சள் நிறம் வருவது அந்த வழியில்தான். பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்ததும் நிறம் வெளிறுகிறதே, அங்கேயும் இதே கதை: ஏற்றம் பரவியிருந்த அன்னயன்களுக்கு அமிலம் புரோத்தனைத் திருப்பிக் கொடுக்கிறது. நம் மலைநாட்டில் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்த கொழுந்துக்குள் இந்த வேதியியல் இருக்கிறது என்பதை நீ அறிந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுல்தான்பாவா நம் காட்டு மரங்களிலுள்ள சாந்தோன்கள் என்ற சேர்வைகளை ஆராய்ந்தார்; வெப்பமண்டலத் தாவரச் சாந்தோன்கள் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1980இல் வெளிவந்தது. அவற்றிலும் பீனோல் கூட்டங்கள்தான் நிறைய. அந்த வளாகத்துக்கு நீயும் போக வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை. நைதரசு ஒட்சைட்டுக்கு, நைதரசன்–நைதரசன்–ஒட்சிசன் என்ற ஒழுங்கில், மூன்று கட்டமைப்புகள் வரை. ஒவ்வோர் அணுவிலும் முறைமை ஏற்றத்தைக் குறி. மூன்றையும் உறுதி வரிசையில் அடுக்கி, கடைசியில் வைத்ததை ஏன் அங்கே வைத்தாய் என்று உன் சொந்த வசனத்தில் எழுதி அனுப்பு. டியூட்டைப் பார்க்காதே.

அன்புடன்,
பெரியம்மா