பெற்றோரின் ஒழுக்கப்பிழையும் புதல்வியரும்

இல்லறமென்பது கணவன் மனைவி என்னும் இருவருக்கு மாத்திரம் உரியதன்று. அவர்பாற் பிறந்த மக்களுக்கு அதுவே நிழல்தரும் இடமாம். திருவள்ளுவனார் பிறனில் விழையாமையை இல்லறவியலின்கண் 15ஆம் அதிகாரமாக வைத்து ஓதினர். பெற்றோருள் ஒருவர் அந்நெறியினின்று வழுவியவிடத்து, துணைவர்க்கு நேருந் துன்பத்தை யாவரும் பேசுவர். மங்கைப் பருவம் எய்தும் புதல்விக்கு நேருந் துன்பத்தைக் கருதுவார் சிலரே. அதனை ஒரு வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1933 முதல் 1945 வரை அமெரிக்க ஐக்கிய நாட்டின் சனாதிபதியாய் விளங்கிய பிராங்கிளின் றூஸ்வெல்ற் என்பாருக்கும் அவர் மனைவியார் எலினோருக்கும் 1906இற் பிறந்த ஒரே புதல்வி அன்னா. 1918இல் ஐரோப்பாவினின்று நோயுடன் மீண்ட கணவரின் பெட்டியை ஒழுங்குசெய்த எலினோர், முன்னர்த் தமக்குக் காரியதரிசியாயிருந்த லூசி மேர்சர் என்பவர் அவருக்கு வரைந்த காதற் கடிதங்களைக் கண்டனர். மணவிலக்கு நிகழவில்லை, ஆயினும் பழைய அன்புநிலை மீளவில்லை. அன்னாவுக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு.

1921இல் தந்தையார் இளம்பிள்ளை வாதத்தாற் கால்வலி இழந்தனர். அவருக்குத் துணையாய் வந்து தங்கிய நண்பருக்குப் பெரிய அறை அளிக்கப்பட, அன்னாவுக்குச் சிறிய அறையே கிடைத்தது. அது முறையன்றெனப் பாட்டியார் பேத்தியைத் தூண்ட, தாயும் மகளும் பிணங்கினர். நம்பிக்கை தளர்ந்த இல்லத்திலே சிறு காரணமும் பெருகும் அன்றோ? பின்னர் ஒருநாள் எலினோர் துயரம் அடக்கமாட்டாது அழுதனர். அதன்பின் மகள் தன் இடர்களைத் தாயோடு பேசினள், அன்பு வளர்ந்தது. இதனை 1937இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவரே கூறியுள்ளார்.

ஆயினும் பழைய பிழையின் சுமை மகளை விட்டு நீங்கவில்லை. தாயார் அக்காதலைப் பற்றித் தாமே அன்னாவுக்குக் கூறியிருந்தனர். 1944இல் தந்தையாரோ, லூசியை விருந்துக்கு அழைக்க உதவுமாறு அன்னாவையே கேட்டனர். தாயார் இல்லாத வேளைகளில் அவர் அவ்வாறே ஏற்பாடு செய்தனர். 1945 ஏப்ரல் 12இல் ஜோர்ஜியா மாநிலத்து உவோம் ஸ்பிரிங்ஸிலே தந்தையார் இறந்தபோது, அங்கே லூசி இருந்தமையையும், முன்னைய சந்திப்புக்களில் மகளின் பங்கையும் எலினோர் அறிந்து மனம் நொந்தனர். இருவருக்கும் நல்லவளாயிருக்க முயன்ற மகள், ஒருவர்க்கு வஞ்சகியாய்த் தோன்றினள். காலத்தால் அப்புண் ஆறிற்று. 1948இல் தாயும் மகளும் ஒருங்கு வானொலி நிகழ்ச்சி நடத்தினர்.

மணமுறிவுற்ற குடும்பங்களைக் கலிபோர்ணியாவில் 1971 முதல் ஆராய்ந்த யூடித் உவாலஸ்ரைன் அம்மையார், பெண்மக்கள் சிலர் இளமையில் நலமுற்றார்போலத் தோன்றிப் பின்பு தாம் மணம்புகுங் காலத்து வஞ்சிக்கப்படுவோமோ என அஞ்சினர் என்றனர். மேவிஸ் ஹெதரிங்ரன் அம்மையார் நெடுங்காலம் ஆராய்ந்து, அத்தகைய மக்களுட் பெரும்பாலார் நன்கு வாழ்கின்றனர் எனக் கண்டனர். ஆதலின், பெற்றோர் பிழையால் மகள் வாழ்வு கெட்டே தீருமென்பது பொருந்தாது; பிழைக்குப்பின் பெற்றோர் நடக்கும் நடையே பெரிதென்பது நம் துணிபு.

அந்நடை யாது? மகளைச் சாட்சியாகவும், நீதிபதியாகவும், தூதாகவும் ஆக்காதொழிக. ஒருவரது இரகசியத்தை மற்றவர்க்கு மறைக்கும்படி அவளைப் பணியாதொழிக. வீட்டின் மாறுதலைக் கண்டு அவள் வினவினாற் பொய்யுரையாது, அவள் வயதுக்கேற்ற அளவில், இஃது உன் குற்றமன்று என்று தெளிவாகக் கூறுக. துணைவர்மேற் கோபம் இருப்பினும், அவள் தந்தையை அல்லது தாயை அவள் நேசிக்குஞ் சுதந்திரத்தைப் பறியாதொழிக. பிழைசெய்தவர் அதனை ஒப்புக்கொள்ளுதலே மகள் உள்ளத்தில் நம்பிக்கை மீண்டுந் தளிர்த்தற்கு முதற் படியாம். பெற்றோர் சிந்திப்பாராக.