எண்ணெய் கசிந்த நிலத்தில் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராயும் முறை

கசிந்தது பெட்ரோலா, டீசலா, உலை எண்ணெயா என்பதை அறியாமல் துளையிடத் தொடங்குவது வீண்செலவு. ஆகவே புதைந்த தொட்டிகள், குழாய்த் தடங்கள், கழிவெண்ணெய் ஊற்றிய குழிகள், சுற்றுவட்டாரக் குடிநீர்க் கிணறுகளின் ஆழம் ஆகியவை முதலில் ஒரே வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். பெட்ரோலில் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் என்னும் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் மிகுதி. டீசலிலும் உலை எண்ணெயிலும் கனமான ஹைட்ரோகார்பன்கள் மேலோங்குவதால், ஆய்வகத்தில் எதைச் சோதிப்பது என்பதும் இந்தப் படியிலேயே முடிவாகிறது.

மண்ணைத் துளைக்கும்போது, பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும் என்பதால், பொறி எழுப்பும் கருவிகளை விலக்கிவைக்க வேண்டும். வெவ்வேறு ஆழங்களில் எடுத்த மண்ணில் சிறிதளவைப் பைகளில் அடைத்துச் சில நிமிடங்கள் விட்டு, மேலெழும் ஆவியை ஒளி அயனியாக்கக் கருவியால் அளந்தால், மிகுதியாக மாசுபட்ட ஆழம் களத்திலேயே புலப்படும். முகர்ந்து பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் நம்பத்தகாதது. பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவதால் தீங்கானதும்கூட. ஆய்வகத்துக்குரிய மாதிரி, ஆவி வெளியேறிவிட்ட அந்தப் பையிலிருந்தன்றி, அதே ஆழத்தின் கலைக்கப்படாத மண்ணிலிருந்து உடனே எடுக்கப்பட வேண்டும்.

மிகுந்த கவனத்தைக் கோருவது கண்காணிப்புக் கிணறு. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை என்பதால் நிலத்தடி நீர்மட்டத்தின்மேல் மிதக்கின்றன. மழைக்காலத்தில் அம்மட்டம் ஏறிக் கோடையில் இறங்கும்போது, இடைப்பட்ட மண் முழுவதிலும் எண்ணெய் பூசப்படுகிறது. ஆகவே குழாயின் துளையிட்ட பகுதி அந்த ஏற்றத்தாழ்வு முழுவதையும் உள்ளடக்கி, நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். அது முற்றிலும் நீருள் அமிழ்ந்திருந்தால், மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் நுழைய வழியின்றி, மாசுபட்ட நிலமும் தூய்மையானதாகத் தோன்றும். துளைகளைச் சுற்றி மணலும் அதற்குமேல் பென்டோனைட் களிமண்ணும் இட்டால், மேற்பரப்பு எண்ணெய் குழாயோரமாகக் கீழிறங்காது.

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே நாளில் அளந்தால், நீரோட்டத்தின் திசை கிடைக்கும். மணற்பாங்கான நிலத்தில் இது பெரும்பாலும் பொருந்தும்; சுண்ணாம்புப் பாறையிலோ நீர் வெடிப்புகளின் வழியே விரைவதால், அருகிலுள்ள கிணறு தப்பித் தொலைவிலுள்ளது கெடவும் கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகம் அத்தகைய பாறைமீது அமைந்த ஊர். அங்கே அனல்மின் நிலையத்தால் நிலத்தடி நீர் மாசுபட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், இலங்கை உயர் நீதிமன்றம் 2019இல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இவ்வகை நிலத்தில் கணக்கிட்ட திசையை மட்டும் நம்பாமல், எல்லாப் பக்கங்களிலுமுள்ள வீட்டுக் கிணறுகளையும் சோதிப்பதே முறை.

நீர் மாதிரி எடுக்குமுன், எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டத்தைக் காட்டும் அளவுகோலை இறக்க வேண்டும். கிணற்றில் தெரியும் எண்ணெயின் தடிமன் மண்ணிலுள்ளதைவிட மிகுந்து காட்டுவதே வழக்கம். பின்னர் நீரை மெதுவாக இறைத்து, கார அமிலத்தன்மையும் மின்கடத்துதிறனும் நிலைபெற்றபின், அமிலமிட்ட 40 மில்லிலீட்டர் கண்ணாடிக் குப்பிகளில் ஒரு குமிழிகூட இல்லாதபடி நிரப்பி, ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் குளிரவைத்து அனுப்ப வேண்டும். தூய நீர் நிரம்பிய குப்பியொன்றும் உடன் பயணித்தால், வழியில் மாசு கலந்ததா என்பது தெரியவரும்.

‘எண்ணெயும் கொழுப்பும்’ என்னும் பொதுச் சோதனை சமையலறைக் கொழுப்பையும் சேர்த்தே காட்டுவதோடு, ஆவியாகும் பென்சீனைத் தவறவிடுவதால், அதை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வது தகாது. குடிநீரில் பென்சீனுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே எதையும் காணவியலாத கருவி தரும் ‘கண்டறியப்படவில்லை’ என்னும் முடிவால் பயனில்லை. எனவே கருவியின் கண்டறி எல்லையை அறிக்கையில் கேட்டுப்பெற்று, மழைக்குப் பின்னும் கோடையின் இறுதியிலும் அதே கிணறுகளில் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.