வாய்க்கால் இல்லாத வாய்க்கால் தெரு

வரைபடத்தில் ஒரு ஊரைக் கண்டுபிடித்ததும் அட்லஸை மூடிவிடுகிறோம். அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்குதுன்னு யோசித்தால் புவியியல் சுவையாக இருக்கும். நான் எடுத்துக்கொண்ட ஊர் இங்கிலாந்தின் தெற்கில் உள்ள சாலிஸ்பரி.

இருப்பிடம்: வடக்கு அட்சம் 51 டிகிரி. கிரீன்விச்சுக்கு மேற்கே கிட்டத்தட்ட 2 டிகிரி. ஏவன் ஆற்றோடு நாடர், போர்ன் ஆறுகள் சேரும் பள்ளத்தாக்கு.

ஊர் இடம் மாறிய கதை: முதலில் பேராலயம் இங்கே இல்லை. வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் ஓல்டு சேரம் என்ற மேட்டில் இருந்தது. மேட்டில் தண்ணீர்க் கஷ்டம், ஓயாத காற்று. போதாததற்கு அங்கிருந்த கோட்டைப் படைவீரர்களோடு தகராறு வேறு! அதனால் ஆயர் ரிச்சர்டு பூர் காலத்தில், 1220-ல், கீழே ஆற்றோரம் புதுப் பேராலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். பிறகு எழுப்பிய அதன் கோபுரத்தின் உயரம் 123 மீட்டர். இங்கிலாந்துப் பேராலயங்களில் இதுதான் உயரமான கோபுரம். ஆனால் அஸ்திவார ஆழம் 4 அடிதான்! ஏன்னா, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர்.

தெருக்கள்: திட்டம் போட்டுக் கட்டிய ஊர் என்பதால் தெருக்கள் தாயக்கட்டம் போல இருக்கும். 1611-ல் ஜான் ஸ்பீடு வெளியிட்ட வரைபடத்திலும் இந்தக் கட்டங்கள் உண்டு. ஏவன் தண்ணீரைத் திருப்பி, தெருக்களின் நடுவே வாய்க்கால் விட்டார்கள். தண்ணீர் தேடி வந்த ஊருக்கு வாசலிலேயே தண்ணீர்!

வந்த ஆபத்து: நாளாக ஆக, அதே வாய்க்காலில் வீட்டுக் கழிவும் கலந்தது. 1849-ல் காலரா பரவி 192 பேர் இறந்தார்கள். டாக்டர் மிடில்டன் என்பவர் விடாமல் போராடினார். வாய்க்கால்கள் மூடப்பட்டன. குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்தன. அப்போது சேற்றில் கிடைத்த சாவி, மோதிரம் போன்ற பழைய பொருள்களை வைக்கவே 1860-ல் அங்கே அருங்காட்சியகம் தொடங்கினார்கள்.

இன்றைய வரைபடத்தில் ‘நியூ கெனால்’ என்று ஒரு தெரு இருக்கிறது. புது வாய்க்கால் என்று அர்த்தம். வாய்க்கால் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அதனால் தெருப் பெயரும் வரலாறுதான்!

செய்து பாருங்கள்: தாளில் ஒரு மேடும் மூன்று ஆறுகளும் வரையுங்கள். ஊருக்கு இடம் குறியுங்கள். குடிநீர் எந்தப் பக்கம் வரும், கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டு அம்பும் எங்கேயும் சந்திக்கக் கூடாது!

— 9-ஆம் வகுப்பு மாணவி