எழுத்தில் மலர்ந்த புன்னகை

நண்பர்கள் நேரில் கேலி பேசும்போது, அது விளையாட்டே என்பதைக் கண்ணும் குரலும் உணர்த்திவிடுகின்றன. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்தார். உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதே மெய்ப்பாடு. முகமே தோன்றாத கணினித் திரையில் நகை எவ்வாறு வெளிப்படும்?

1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையில் இவ்வினா எழுந்தது. அறுந்து விழும் மின்தூக்கியில் பாதரசத் துளி என்னாகும் என்னும் புதிரையொட்டி, அத்துறையினர் மின்னணு அறிவிப்புப் பலகையில் நகையாடி வந்தனர். மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எழுதிய எச்சரிக்கையைச் சிலர் உண்மையென்றே நம்பினர். வேடிக்கைக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. செப்டம்பர் 19 அன்று கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, பிறைக்குறி ஆகியவற்றை அடுத்தடுத்து இட்டுச் சிரிக்கும் முகமொன்றை முன்மொழிந்தார். இன்றைய உணர்ச்சிக் குறிகளுக்கு அது முன்னோடியாயிற்று.

எனினும், சிரிப்புக்குறியை இட்டதனாலேயே சுடுசொல் இன்சொல்லாகிவிடாது. நாள்தோறும் ஒருவரையே கேலிப்பொருளாக்குவது நகைச்சுவையன்று. கேலிக்கு உள்ளானவரும் சேர்ந்து சிரிக்கும்போதுதான் நகை நட்பை வளர்க்கும்.